தாழைப்பட்டினத்துப் பெருமக்களில் ஒரு திருச்செங்கோட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் பெயர் தீர்த்தகிரி. திருச்செங்கோட்டில் இந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருக்காரர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். "எந்தத் தீர்த்தகிரிங்க? ரிக் வண்டிக்குப் போவாரே, அவருங்களா?" என்று கேட்டுவிட்டு எதிர்வீட்டைக் கைகாட்டுவார்கள். ஆனால் இங்கிருந்து பஸ் ஏறி, கரூர், திருச்சி, தஞ்சாவூர் எல்லாம் தாண்டிப் போனால் கடலோரத்தில் தாழைப்பட்டினம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே இறங்கி இவர் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். திருச்செங்கோடு என்றால் போதும். கையோடு அழைத்துப்போய் உட்காரவைத்து, சோறு போட்டுவிட்டுத்தான் என்ன சமாச்சாரம் என்று கேட்பார்கள்.

போன தை மாதம் அந்த ஊர்ப் படிப்பகத்தார் ஒரு புத்தகம் போட்டார்கள். 'தாழைப்பட்டினத்துப் பெருமக்கள்' என்று பெயர். முப்பத்தொரு பேர் அதில் இருக்கிறார்கள். மூன்று தலைமுறைக்குப் பாடம் சொன்ன தலைமையாசிரியை ஒருவர். கவிழ்ந்த படகிலிருந்து பதினொரு பேரை நீந்தியே கரைசேர்த்தவர் ஒருவர். வெளிநாட்டில் வேலை கிடைத்தும் போகாமல் கடைசிவரை ஊரிலேயே ஊசி போட்ட மருத்துவர் ஒருவர். அந்த வரிசையில் இருபத்தேழாவது ஆள் என் வீட்டுக்காரர். நாற்பத்தேழு வயதில்தான் முதன்முதலாகக் கடலில் கால் நனைத்த மனுஷன்!

அந்தப் புத்தகத்துக்காக நான் ஒரு காரியம் செய்தேன். செய்திருக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இவர் யார், என்ன செய்தார் என்று தெரியாமல் நான் செய்தது விளங்காது என்பதால் முதலில் இவர் கதை.

பிறந்தது திருச்செங்கோட்டுக்குத் தெற்கே ஒரு காட்டூர். அப்பா காளியப்பன், அம்மா பொன்னாயி. பிறர் காட்டில் கடலைக்காய் பிடுங்கப் போன குடும்பம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இவர் ரிக்கில் ஏறினார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ரிக் என்பது ஆழ்துளைக் கிணறு போடும் லாரி. ஆந்திரா, சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று முப்பது வருஷம் அதிலேயே சுற்றினார். வண்டி இவருடையது இல்லை. துளை போடுகிற டிரில்லர் வேலை. மேலே பறந்து வரும் கல் தூசியை உள்ளங்கையில் வாங்கித் தேய்த்துப் பார்ப்பார். எந்த நிறத்துக் கல்லுக்குக் கீழே தண்ணீர் ஓடும் என்பது இவருக்குத் தெரியும். வராவிட்டால் விடமாட்டார். "இன்னும் ரெண்டு ராடு உடு" என்பார். துளைக்குள் இறக்கும் இரும்புக் குழாய்தான் ராடு, ஒன்று இருபது அடி. வீட்டில் தோசை சுட்டாலும் அதே பேச்சுதான். "இன்னும் ரெண்டு ராடு உடு வெண்ணிலா" என்று தட்டை நீட்டுவார்.

எங்கள் கல்யாணத்துக்கு இவருக்குக் கிடைத்த லீவு எட்டு நாள். ஒன்பதாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாக்பூர் பக்கம் போய்விட்டார். நான் அழுததற்கு, "மழ புடிச்சா வண்டி நிக்கும், வந்துருவேன்" என்றார். அந்த வருஷம் பார்த்து அங்கே மழையே பிடிக்கவில்லை! நான் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. மகள் கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பத்தொன்பது வருஷம் ஆகிறது. பேனருக்கு வாசகம் எழுதுவது என் பொறுப்பு. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் நான்தான். எங்கள் கடையில் செத்தவர்களில் கெட்டவர் கிடையாது. தெருவைக் கூட்டிப் பெண்டாட்டியை அடித்தவரும் 'பாசத்தின் சிகரம்'. அண்ணன் தம்பி முகத்தில் முழிக்காதவரும் 'குடும்பத்தின் ஆலமரம்'. 'இன்னாருக்குக் கொஞ்சம் முன்கோபம்' என்று எந்த பேனரிலாவது படித்திருக்கிறீர்களா? குறையைக் கழற்றிவிட்டு மிச்சத்தை எழுதுவது எனக்குக் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது.

இனி தாழைப்பட்டினம். ஒன்பது வருஷத்துக்கு முன் அந்தப் பக்கம் பெரிய புயல் அடித்தது. கடல் ஊருக்குள் வந்து கிணறுகளையெல்லாம் உப்பாக்கிவிட்டது. குடிக்கத் தண்ணீர் இல்லை. உதவி செய்ய நினைத்த யாரோ சிலர் சேர்ந்து, இலவசமாக ஒரு போர் போட்டுக் கொடுங்கள் என்று இங்கிருந்து ஒரு ரிக் வண்டியை அனுப்பினார்கள். அதில் டிரில்லர் இவர்.

இவர் போனபோது அந்த ஊரில் ஒரே ஒரு கிணறு மட்டும் நல்ல தண்ணீரோடு இருந்தது. அம்மன் கோயில் கிணறு. மேட்டில் இருந்ததால் கடல் அதை எட்டவில்லை. ஊரே அதில்தான் குடம் வைத்துக்கொண்டிருந்தது. மணலில் லாரி அதற்கு மேல் போகாமல், கிணற்றுக்கு நாற்பது அடி தள்ளி, கொஞ்சம் மேடான இடத்தில் வண்டியை நிறுத்தி வேலையை ஆரம்பித்தார்கள். இருபத்திரண்டாவது அடியிலேயே தண்ணீர் வந்துவிட்டது. நல்ல தண்ணீர்.

இங்கேதான் எங்கள் ஊர் மூளை வேலை செய்தது. எங்கள் பக்கம் மேலே கசிகிற தண்ணீரை யாரும் மதிப்பதில்லை. அது சாக்கடையும் சகதியும் கலந்தது என்று, மண் இருக்கிற ஆழம் முழுக்கக் கேசிங் பைப் இறக்கி அடைத்துவிட்டு, அதற்குக் கீழே கல்லுக்குள் போவோம். ஆழத்தில் இருப்பதுதான் அசல் தண்ணீர். இவரும் அதையே செய்தார். வந்த நல்ல தண்ணீரைக் கேசிங் போட்டு அடைத்துவிட்டுக் கீழே போனார். கடற்கரையில் எல்லாம் தலைகீழ். மழைத் தண்ணீர் மேலே மிதக்கும், உப்பு கீழே கிடக்கும். கீழே போகப்போக உப்புதான். முப்பது வருஷம் கருங்கல்லில் துளை போட்டவருக்கு இதை யார் சொல்வது? அந்த ஊர்க்காரர்கள் சொல்லத்தான் செய்தார்களாம். அஞ்சலை என்று மீன் விற்கிற அம்மா ஒருத்தி, "போதும்ணே, மேலயே நிறுத்துங்க" என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். இவர் கேட்டால்தானே! "இன்னும் ரெண்டு ராடு" என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறார்.

கடைசியில் வந்தது வாயில் வைக்க முடியாத உப்பு. அடித்து வெளியே தள்ளினால் தெளிந்துவிடும் என்று கம்ப்ரசரைப் போட்டு மூன்று மணி நேரம் பீய்ச்சினார்கள். அவ்வளவு உப்புத் தண்ணீரும் சரிவில் ஓடி அம்மன் கோயில் கிணற்றைச் சுற்றித் தேங்கி, மணலுக்குள் இறங்கிவிட்டது. பொழுது சாய இவர் போய் அந்தக் கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் குடித்துப் பார்த்தார். கரித்தது.

வண்டி மேனேஜர் ஒன்றும் பதறவில்லை. "புயல்ல கடல்தண்ணி உள்ள பூந்துருக்குதுன்னு சொல்லிக்கலாம் உடுங்க" என்றார். ஊராரிடமும் அப்படியே சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். இவர் வாய் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

நாலாம் நாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "வெண்ணிலா, நான் ஒரு ஊருக் கெணத்தக் கெடுத்துப்போட்டேன்" என்றார். முழுக்கச் சொன்னார். "தெரியாமச் செஞ்சதுதானுங்க, ஆனது ஆச்சு, உடுங்க" என்றேன். ஒரு வாய் சோறு எடுத்தார், இறங்கவில்லை. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு, "நான் போய்ட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டார். எங்கே என்று கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

போனவர் நாற்பத்தொரு நாள் கழித்துத்தான் திரும்பினார். அத்தனை நாளும் அந்த ஊர்ச் சமுதாயக்கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார். போட்ட துளையில் களிமண்ணும் சிமெண்டும் திணித்து அடைத்தார். பிறகு கிணற்றுக்குள் இறங்கி இறைக்க ஆரம்பித்தார். இறைத்த தண்ணீர் மறுபடி ஊறாமல் கடல் பக்கம் ஓட வாய்க்கால் வெட்டினார். முதல் இரண்டு நாள் தனியாக இறைத்திருக்கிறார். மூன்றாம் நாள் அஞ்சலை பத்துப் பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வாளியோடு வந்து நின்றாளாம். தினமும் வற்ற வற்ற இறைப்பது, ஊறவிடுவது, நாக்கில் வைத்துப் பார்ப்பது, துப்புவது. நடுவில் நல்ல மழை ஒன்று கொட்டியது. முப்பத்தாறாம் நாள் அஞ்சலை குடித்துப் பார்த்துவிட்டு, துப்பாமல் விழுங்கினாளாம். அதைச் சொல்லும்போது இவர் குரல் இன்றைக்கும் மாறிப்போகும்.

அதோடு விடவில்லை. அந்த ஊர்க்காரர்கள் காட்டிய இடங்களில், அவர்கள் சொன்ன ஆழத்தில், சிமெண்டு உறை இறக்கி மூன்று சின்னக் கிணறுகள் வெட்டி, கைப்பம்பு மாட்டிவிட்டு வந்தார். மோட்டார் கூடவே கூடாது, மெதுவாக எடுத்தால்தான் உப்பு மேலே ஏறாது என்று அவர்களிடம் இவர் கற்றுக்கொண்டதை அவர்களுக்கே சத்தமாகச் சொல்லிவிட்டும் வந்திருக்கிறார். அவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து இவர் அந்த ஊருக்குப் 'போர்க்கார அண்ணன்'. வருஷா வருஷம் கோயில் திருவிழாவுக்கு அழைப்பு வரும். பெட்டி நிறையக் கருவாடு வரும். புரட்டாசி சனிக்கிழமை பார்த்து அது வந்து சேர்ந்து, எங்கள் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு போன கதையெல்லாம் உண்டு. இவருக்கு அந்த மரியாதையில் பாதி சந்தோஷம், பாதி வேதனை. ஏனென்றால் அவர்கள் இவரை, புயலில் பாழான கிணற்றைத் தானாக வந்து காப்பாற்றிக் கொடுத்த புண்ணியவான் என்று நினைப்பதாக எங்களுக்கு எண்ணம். கெடுத்ததே தான்தான் என்று இவர் சொல்லவேயில்லை. ஒவ்வொரு வருஷமும், "இந்தத் தடவ சொல்லிப்போட்டுத்தான் வருவேன்" என்று கிளம்புவார். போய் இறங்கியதும் ஆளாளுக்கு அண்ணே அண்ணே என்று சூழ்ந்துகொள்வார்கள். வாய் வராது. சொல்லாமலே திரும்பி வந்து, இரண்டு நாள் என்மேல் எரிந்து விழுவார். நான் என்ன செய்தேன் பாவம்!

போன ஐப்பசியில் படிப்பகச் செயலாளர் அறிவழகன் என்னைப் போனில் கூப்பிட்டார். அந்த ஊர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார். "அண்ணி, புத்தகத்துல அண்ணனும் இருக்காங்க. நீங்கதான் நல்லா எழுதுவீங்களாமே, அவங்க வாழ்க்கையைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதி அனுப்புங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. திருச்செங்கோட்டில் ரிக் முதலாளிகளுக்கு நானே எத்தனை பேனர் எழுதியிருக்கிறேன். துளை போட்ட ஆளுக்கு ஒரு சின்ன நோட்டீஸாவது உண்டா? இப்போது அச்சில், புத்தகத்தில், இவர் பெயர்!

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். "நெம்ப நல்லதாப் போச்சு" என்றார். "எனக்கு வாயில வர மாட்டீங்குது. நீ எழுத்துல போட்டுரு. கெணத்தக் கெடுத்தது நாந்தான்னு பச்சையா எழுதிப்போடு. படிச்சுப்போட்டு வேண்டாம்னா பேர எடுத்துக்கட்டும். அது இல்லாம எம்பேரு அதுல வரக்கூடாது வெண்ணிலா."

"சரிங்க" என்றேன். எழுதவும் உட்கார்ந்தேன். பிறப்பு எழுதினேன், படிப்பு எழுதினேன், 'கருங்கல்லைத் துளைத்த கரங்கள், கருணையில் நனைந்த நெஞ்சம்' என்று ஒரு வரி தானாகவே வந்து விழுந்தது. கிணற்றைக் கெடுத்த இடம் வந்தது. எழுதினேன். திரும்பப் படித்தேன். இதைப் படித்தால் அந்த ஊர் என்ன சொல்லும்? ஒன்பது வருஷமாக நம்மை ஏய்த்திருக்கிறான் என்றுதானே சொல்லும்? பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் போகட்டும், அப்புறம் இவர் அந்த ஊரில் கால் வைக்க முடியுமா? இந்த மனுஷனுக்கு உலகத்தில் இருக்கிற ஒரே பெருமை அது. அந்தப் பாராவை அழித்தேன். கடையில் பத்தொன்பது வருஷம் செய்ததைத்தான் செய்தேன். அனுப்பிவிட்டு, "எல்லாம் எழுதிப்போட்டனுங்க" என்று இவரிடம் வாய் கூசாமல் சொல்லியும் விட்டேன்.

அதற்குப் பிறகுதான் வினையே. நாலு நாள் கழித்து இவர் அறிவழகனைப் போனில் கூப்பிட்டு, "எழுதுனதெல்லாம் படிச்சீங்களா சாமி?" என்று கேட்டார். நான் அடுக்களையில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். "படிச்சோம்ணே, ஊர்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினோம். ரொம்ப அருமை. நீங்க அவசியம் விழாவுக்கு வரணும்" என்று அந்தப் பக்கம் பதில். இவர் போனை வைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "தெரிஞ்சும் வரச் சொல்றாங்க வெண்ணிலா" என்றார். மன்னித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார்!

அடுத்த இரண்டு மாதம் இவரைப் பார்க்க வேண்டுமே. வயது பத்து குறைந்துவிட்டது. படுத்தால் தூங்கினார். தாடியை எடுத்தார். சேலத்துப் பக்கம் நெசவுக்குப் பேர்போன இளம்பிள்ளைக்குப் போய், விழாவுக்குக் கட்டிக்கொள்ள எனக்கு ஒரு பட்டுச் சேலை வாங்கி வந்தார். இருபத்தெட்டு வருஷத்தில் நிறம் கேட்காமல் வாங்கி எனக்குப் பிடித்த ஒரே சேலை அதுதான். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு திருடி மாதிரி முழித்தேன். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். இவர் சிரித்த முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிடும். எனக்குத்தான் தூக்கம் போனது. விழாவில் மைக்கைக் கொடுத்தால் இவர் சும்மா இருப்பாரா? நான் எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டு, ஊருக்கெல்லாம் தெரியும் என்று நம்பிக்கொண்டு, கிணற்றைக் கெடுத்ததைப் பேசப்போகிறார். ஊர் ஆவென்று பார்க்கப்போகிறது. இவரை நானே நடுச்சபையில் கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்று நினைத்து நினைத்துப் புரண்டு படுப்பேன்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். முந்தின நாளே போய் அஞ்சலை வீட்டில் தங்கினோம். படிப்பகத்துக்கு முன்னால் பந்தல். கடல் காற்றில் மைக் புஸ் புஸ் என்றது. அறிவழகன் ஒவ்வொருவரைப் பற்றியும் புத்தகத்திலிருந்து படித்தார். இருபத்தேழாவது வந்தது. "தீர்த்தகிரி, திருச்செங்கோடு." கைதட்டல். நான் எழுதிய கருங்கல் வரிக்கு விசில்கூட அடித்தார்கள். முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோது அறிவழகன் நிறுத்தாமல் மேலே படித்தார்.

"புயலுக்குப் பிறகு ஊரில் மிஞ்சியிருந்த ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு அம்மன் கோயில் கிணறு. இவர் போட்ட ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் பாய்ந்து அது கெட்டது. இந்த ஊர்த் தண்ணீரைக் கெடுத்தவர்கள் இவருக்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு. திரும்பி வந்தவர் இவர் ஒருவர்."

நான் எழுதாத வரிகள் அவை. யார் எழுதினார்கள்? ஊர் ஆவென்று பார்க்கவில்லை. அதற்கும் கை தட்டினார்கள். இவர் எழுந்து மைக்கை வாங்கினார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்கவே முடியாது. "எனக்குப் பேச வராதுங்க" என்றார். "சொல்ல வேண்டியதெல்லாம் எம் சம்சாரம் எழுதிப்போட்டா. எனக்கு ஒம்பது வருசமா வாயில வராதத அவ எழுத்துல போட்டா. அவளுக்குத்தான் நீங்க கை தட்டோணும்." அத்தனை பேரும் என் பக்கம் திரும்பித் தட்டினார்கள். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. புதுப் பட்டுச் சேலையில் எழுந்து நின்று கும்பிடு வேறு போட்டேன்.

அஞ்சலை வீட்டில் சாப்பாடு. மீன் குழம்பு, வறுவல், இறால் என்று இலை கொள்ளவில்லை. அறிவழகனும் எங்களோடு உட்கார்ந்திருந்தார். இவர் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தடவை என்னைப் புகழ்ந்தார். "பொய் எழுதியே பழகுன கையி, எனக்குன்னு வந்தப்ப நெசத்த எழுதிப்போட்டா பாருங்க" என்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. கையில் எடுத்த சோற்றை இலையில் வைத்தேன்.

"நான் எழுதலைங்க" என்றேன்.

இவர் சிரித்துக்கொண்டே, "என்னது?" என்றார்.

"கெணத்துச் சமாச்சாரத்த நான் எழுதலைங்க. எழுதி அழிச்சுப்போட்டேன். உங்க பேர எடுத்துருவாங்கன்னு பயமாப் போச்சுங்க. எழுதிட்டேன்னு உங்ககிட்டச் சொன்னது பொய்யுங்க."

சிரிப்பு அப்படியே இவர் முகத்தில் நின்றது. என்னைப் பார்த்தார், அறிவழகனைப் பார்த்தார். "அப்பறம் அதை யாரு எழுதுனது?" என்று கேட்டார். அறிவழகன் சங்கடப்பட்டுக்கொண்டு அஞ்சலையைக் காட்டினார். அஞ்சலை குழம்புக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தாண்ணே" என்றாள். "அண்ணி எழுதுனத வாசிச்சுக் காட்டுனாங்க. எல்லாம் நல்லா இருந்துச்சு. முக்கியமானத மட்டும் காணும். கூச்சப்பட்டு விட்டிருப்பீங்கன்னு நெனச்சு, நான் சொல்லச் சொல்ல வாத்தியாரு எழுதுனாரு."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! புயல் ஓஞ்சு இருவது நாளு அந்தத் தண்ணியத்தான குடிச்சோம்? நீங்க இஞ்சின் போட்ட அன்னிக்குச் சாயங்காலம் கரிக்குது. கடல் வந்து போயி இருவது நாள் கழிச்சா கரிக்கும்? கடக்கரையில பொறந்தவளுக்கு இது தெரியாதா? ஊருக்கே தெரியும்ணே. உங்க மேனேஜரு வந்து கத விட்டப்பவே எங்களுக்குச் சிரிப்புதான்."

இவர் அஞ்சலையை நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சுமா எனக்கு நாப்பத்தோரு நாளு சோறு போட்டீங்க?"

"கெணறு இறைக்கிற ஆளுக்குச் சோறு போடாம?" என்று அஞ்சலை கேட்டாள். "கோவம் இருந்துச்சுண்ணே, இல்லாம இல்ல. மறுபடி வந்தா நாலு வார்த்த நறுக்குனு கேக்கணும்னுதான் இருந்தேன். பஸ்ஸ விட்டு எறங்குனதும் நீங்க வாளியத் தூக்கிக்கிட்டுக் கெணத்துல எறங்கிட்டீங்க. உள்ள எறங்கி நிக்கிறவரு தலைக்கு மேல நின்னுக்கிட்டு எப்பிடித் திட்டுறது? சரி, ஏறி வரட்டும்னு இருந்தேன். அப்புறம் மறந்தே போச்சு. சாப்புடுங்க, குழம்பு ஆறுது."

இவர் குனிந்து சாப்பிட்டார். இலையைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டார். கிளம்பும்போது அஞ்சலையின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவள், "ஐயே, என்னண்ணே இது, கையெல்லாம் மீன் நாத்தம்" என்று இழுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பாமலே, "கரூர் தாண்டற வரைக்கும் எங்கிட்டப் பேசாத" என்றார். சரி என்று வாயை மூடிக்கொண்டேன். செய்த காரியத்துக்கு இது குறைவுதான். தஞ்சாவூர் போனது. திருச்சியில் வண்டி மாறினோம். எனக்கு டீ வாங்கிக் கையில் கொடுத்தார், பேச்சு இல்லை. ஜன்னலோரம் என்னை உட்காரவைத்தார், அப்போதும் பேச்சு இல்லை. ரோட்டோரம் காவிரி கூடவே வந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தபடி, இனி இந்த மனுஷன் நான் சொல்வதை எப்படி நம்புவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயமாகவே இருந்தது.

குளித்தலை தாண்டியிருக்கும். பக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். அழுதுகொண்டிருந்தார். அவருடைய அம்மா செத்தபோதுகூட இவர் அழுது நான் பார்த்ததில்லை.

"ஒவ்வொரு வருசமும் பயந்துக்கிட்டேதான் போனேன் வெண்ணிலா" என்றார். "எல்லாம் தெரிஞ்சுதான் எலை போட்டிருக்கறாங்க. நாந்தான் அந்தச் சோத்த ஒருநாளுங்கூட நிம்மதியாத் திங்கல."

"ஆமாங்க" என்றேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பினார். "ஏம்புள்ள, நீயும் ரெண்டு மாசமா இப்பிடித்தான் பயந்துக்கிட்டு எம்பக்கத்துல படுத்திருந்தயா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். அதற்குமேல் எனக்கும் அடக்க முடியவில்லை.

"அடப் பாவமே" என்றார். பஸ்ஸில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கரூர் வருவதற்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.